அம்மம்மாவின் றங்குப்பெட்டியும் ஊர் ஆவணகமும்

கோயில் கும்பாபிஷேகமோ பாடசாலை நூற்றாண்டோ நெருங்கினால் விழா மலர் வெளியிட மலர்க்குழு கூடும். விளம்பரம் சேர்க்க ஒருவர், வாழ்த்துச் செய்தி வாங்க ஒருவர், அச்சகத்துக்கு அலைய ஒருவர் என்று வேலை பிரிப்பார்கள். கடைசியில் மூலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பார்த்து, "சேர், ஊர் வரலாறு ஒரு பத்துப் பக்கம் எழுதித் தாங்கோ" என்பார்கள். சேரிடம் இருப்பது முந்தைய மலர் ஒன்று. அதை எடுத்து, இரண்டு பந்தியை இடம் மாற்றி, புதிதாக எழும்பிய கட்டடங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அவரில் குறை இல்லை. இரண்டு கிழமை அவகாசத்தில் வேறு என்னதான் செய்வது?

"ஆவணகத்தில் தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமான பதில் வரும். "நூலகம் தளத்தில எல்லாம் கிடக்கு, அடிச்சா வரும்" என்பது ஒன்று (நூலகம் என்பது ஈழத்து நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் தளத்தின் பெயர்). "எல்லாம் எரிஞ்சு போச்சு, மிச்சம் இடம்பெயர்வில போச்சு, இனி என்ன கிடக்கு?" என்பது மற்றது. கேட்க நேரெதிர் மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: 'எங்கள் ஊரின் வரலாறு' என்று மேலே எழுதிய கட்டொன்று எங்கோ இருக்கிறது, அல்லது இருந்தது, அது கையில் கிடைத்தால் வேலை முடிந்தது. அப்படியொரு கட்டு எந்த ஆவணகத்திலும் கிடையாது. பிறகு அங்கே என்னதான் இருக்கிறது, அதைக்கொண்டு ஊர் வரலாற்றை எப்படி எழுதுவது என்பதே இந்தக் கட்டுரை.

கடையும் பெட்டியும்

பொதுவாக ஒரு நூலகம் கடை மாதிரி. அரிசி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், சவர்க்காரம் மேல்தட்டில். ஆர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். நூலகத்தில் இருக்கும் புத்தகமும் அப்படித்தான். முன்பின் தெரியாத வாசகர் ஒருவருக்காகவே எழுதப்பட்டு, பொருள்வாரியாக அடுக்கப்பட்டது.

ஆவணகம் அம்மம்மாவின் றங்குப்பெட்டி மாதிரி. கூறைச்சேலைக்கு அடியில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கும். அதற்குக் கீழே சீட்டுக் கணக்குக் கொப்பி, மலாயாவில் ரெயில்வேயில் வேலை பார்த்த அப்பப்பா அனுப்பிய கடிதம், பழைய கூப்பன் புத்தகம், ஓரம் சுருண்ட கலியாணப் படம். இவற்றில் ஒன்றுகூட உங்களுக்காக எழுதப்படவில்லை. சீட்டுக் கொப்பி எழுதப்பட்டது ஆர் காசு கட்டினார், ஆர் கட்டவில்லை என்று பார்க்க. ஆனால் ஐம்பது வருடம் கழித்து அதைத் திறக்கும் உங்களுக்கு, அந்த ஒழுங்கையில் அப்போது எந்தெந்த வீட்டில் ஆர் இருந்தார்கள், மாதம் எவ்வளவு கட்ட அவர்களால் முடிந்தது என்பதெல்லாம் தெரிகிறது. எழுதியவர் சொல்ல நினைக்காத செய்தி அது.

இப்படி ஒரு வேலையின் போக்கில் உண்டாகி, அந்த வேலை முடிந்த பிறகும் மிஞ்சி நிற்கும் எழுத்தையும் படத்தையும் ஒலிப்பதிவையும் ஆவணம் என்கிறோம். அவற்றைக் காத்து, பட்டியலிட்டு, கேட்பவருக்குக் காட்டும் இடம் ஆவணகம். ஒருவரிடமிருந்தோ ஓர் அமைப்பிடமிருந்தோ ஒன்றாக வந்த ஆவணத் தொகுதி சேகரம்.

பெட்டியில் இன்னொரு விசயமும் உண்டு. மலாயாக் கடிதம் தனியாக இல்லை, ஒரு காணி உறுதியின் (நிலப் பத்திரத்தின்) மடிப்புக்குள் இருக்கிறது என்று வைப்போம். துப்புரவாக்கும் ஆர்வத்தில் நீங்கள் கடிதங்களை ஒரு கட்டாகவும் உறுதிகளை ஒரு கட்டாகவும் பிரித்துவிட்டால், மலாயாக் காசில்தான் அந்தக் காணி வாங்கப்பட்டது என்ற தடயம் போய்விடும். அதனால்தான் ஆவணகங்கள் சேகரங்களைக் கலப்பதில்லை. வந்த ஒழுங்கை முடிந்தவரை குலைக்காமல் வைக்கின்றன. இதற்கு மூல ஒழுங்கு என்று பெயர். "ஏன் எங்கட ஊர்ச் சாமான் எல்லாத்தையும் ஒரு இடத்தில போட்டு வைக்கேல்லை?" என்று ஆவணகத்தவரோடு சண்டை பிடிக்கப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சுருக்கமாக: புத்தகம் வாசகருக்காகப் பிறக்கிறது, ஆவணம் ஒரு வேலைக்காகப் பிறக்கிறது. ஊரைப் பற்றிய செய்தி அந்த வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஊரார் ஏன் தனியாக ஆவணகம் வைக்க வேண்டும்?

அரசு தன் வேலைக்காக எழுதியதைத் தானே வைத்திருக்கும். கொழும்பிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின் பதிவேடுகள் 1640 தொடக்கம் இருக்கின்றன. தோம்பு எனப்படும் அவர்களுடைய காணிப் பதிவேடுகளும், பிறகு வந்த ஆங்கிலேய அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அங்கேதான். வரி, வழக்கு, குடிசனக் கணக்கு, தெருப் போட்ட செலவு ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். ஆனால் நாட்டுக்கூத்து நோட்டீசையும் விளையாட்டுக்கழகத்தின் கூட்டக் குறிப்பையும் எந்த அரசும் சேர்த்து வைப்பதில்லை. அது ஊராரின் பொறுப்பாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பொறுப்பை அவசரமாக்கியது அழிவு. 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. போரால் 1990இல் யாழ். குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் வெளியேறியபோதும், 1995 ஒக்ரோபர் 30 பெரிய இடப்பெயர்விலும் வீட்டு அலுமாரிகளில் இருந்தவை போயின. ஒரு பையில் அடையாள அட்டை, உறுதி, நகை. அதற்கு மேல் எதைத் தூக்குவது?

2005இல் தன்னார்வலர்கள் சிலர் ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் இட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் நூலகம். இன்று நூலக நிறுவனமாக வளர்ந்து, நூல், இதழ், பத்திரிகை, சிறப்பு மலர், நினைவு மலர், துண்டுப் பிரசுரம் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் திறந்து வைத்திருக்கிறது. படங்கள், ஒலிப்பதிவுகள் போன்றவற்றுக்கு 'ஆவணகம்' என்ற பெயரிலேயே தனித்தளம் இருக்கிறது. ஆக, "எல்லாம் போச்சு" என்பது சரியில்லை. போனது ஏராளம், ஆனால் ஒரு மலரின் ஐந்நூறு பிரதிகளும் ஒரே வீட்டில் இருக்கவில்லையே. ஒன்று கொழும்பில் மாமா வீட்டில், ஒன்று ரொறன்ரோவில் பழைய மாணவர் ஒருவரின் நிலவறைப் பெட்டியில் என்று தப்பியிருந்தது. சமூக ஆவணகம் செய்வது இந்தச் சிதறலைத் திரும்பச் சேர்க்கும் வேலை.

ஒரு வாசிகசாலைக்கு மூன்று பிறந்தநாள்

இனி உள்ளே போவோம். விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஊரும் அதில் ஒரு வாசிகசாலையும் எடுத்துக்கொள்ளுங்கள். "இது எப்ப தொடங்கினது?" இதுதான் கேள்வி. வாசல் கல்லில் 1953 என்றிருக்கிறது. பொன்விழா மலர் 1948 என்கிறது. சந்தியில் இருக்கும் பெரியவர், "சீச்சீ, யப்பான்காரன் குண்டு போட்ட காலத்திலயே நாங்கள் அங்க பேப்பர் வாசிச்சனாங்கள்" என்கிறார். அதாவது 1942.

புதிதாக ஆய்வுக்கு வருபவர் உடனே செய்வது, மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முயல்வது. கல்லில் இருக்கிறதே, கல் பொய் சொல்லுமா என்பார். இன்னொருவர் அச்சில் வந்ததுதான் ஆதாரம் என்பார். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை எழுதியவர் ஆர்? எதற்காக எழுதினார்? சம்பவம் நடந்து எவ்வளவு காலத்தில் எழுதினார்?

கல் பதித்தது கட்டடம் திறந்த நாளுக்காக. அது சொல்வது கட்டடத்தின் வயதை. மலர்க்குழு 1948 என்ற எண்ணை எங்கே எடுத்தது என்று தேடினால், சங்கமாகப் பதிவு செய்த பத்திரம் அகப்படுகிறது. அது அமைப்பின் வயது. பெரியவர் சொல்வது, பதிவும் கட்டடமும் வருவதற்கு முன், ஒரு வீட்டு விறாந்தையில் வாங்கு போட்டு நாலு பேர் கூடிய காலத்தை. மூன்றும் சரி. 'தொடங்கியது' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சம்பவம் ஒளிந்திருந்தது. ஆவணங்கள் முரண்படும் இடத்தில் பாதிக்குப் பாதி இதுதான் நடக்கிறது; முரண்பாடு எங்கள் கேள்வியில் இருக்கும். மிச்சப் பாதியில் ஆரோ உண்மையாகவே பிழைவிட்டிருப்பார், அதையும் மறுப்பதற்கில்லை.

சம்பவம் நடந்த காலத்திலேயே, அதில் கைபட்டவர்களால் உண்டான ஆவணம் முதன்மைச் சான்று. பதிவுப் பத்திரமும் கூட்டக் குறிப்பும் அப்படிப்பட்டவை. பிறகு ஒருவர் அவற்றைப் பார்த்தோ கேட்டோ எழுதியது துணைச் சான்று. பொன்விழா மலரில் வரும் வரலாற்றுக் கட்டுரை இந்த வகை. ஆனால் அதே மலரில் அச்சாகியிருக்கும் அந்த வருட நிர்வாகசபையின் பெயர்ப்பட்டியல் முதன்மைச் சான்று. ஒரே புத்தகத்துக்குள் இரண்டும் கிடக்கும். முதன்மை என்றால் உண்மை என்று அர்த்தமில்லை. கூட்டக் குறிப்பை எழுதிய செயலாளர் தனக்குப் பிடிக்காதவரின் பேச்சை விட்டிருக்கலாம். முதன்மை என்பது கிட்ட நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

ஆக, எந்தத் தாளைக் கண்டாலும் ஆர், எதற்கு, எப்போது. முரண்பட்டால், இரண்டும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றனவா என்பது அடுத்த கேள்வி.

மலரைப் பார்த்து எழுதிய மலர்

ஒரு செய்தி ஐந்து இடத்தில் இருக்கிறது, ஆகவே அது உறுதி என்று நினைப்பது ஊர் வரலாறு எழுதுவோரின் வழக்கமான சறுக்கல். ஐந்து இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கும், சில நேரம் அச்சுப்பிழைகூட ஒன்றாக இருக்கும். முதல் மலரில் "என்று கூறப்படுகிறது" என்றிருந்தது, இரண்டாவதில் "என்பர்" ஆகி, மூன்றாவதில் "வரலாற்று உண்மையாகும்" ஆகி, முகநூலுக்கு வரும்போது வருடமும் திகதியும் சேர்ந்துவிடும். ஒருவர் சொன்னதை நாலு பேர் திருப்பிச் சொன்னால் அது ஐந்து சாட்சி ஆகாது. ஒன்றையொன்று பாராமல் உண்டான இரண்டு ஆவணம் ஒத்துப்போனால்தான் பலம். உதாரணமாக, பாடசாலையின் சேர்விடாப்பும் (மாணவர் சேர்க்கைப் பதிவேடு), அதே காலத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றும். இப்படி ஒன்றுக்கொன்று கடன்படாதவற்றைத் தனிச் சான்றுகள் என்பார்கள்.

கல்வெட்டும் உறுதியும்

எங்கள் ஊர்களுக்கே உரிய இரண்டு ஆவண வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது கல்வெட்டு. தமிழகத்து வாசகர் உடனே கோயில் சுவரை நினைப்பார். யாழ்ப்பாணத்தில் அது, ஒருவர் இறந்து 31ஆம் நாள் கிரியையில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கும் பெயர். நினைவு மலர் என்றும் சொல்வோம். வீட்டில் தேவாரப் பக்கத்துக்காகத்தான் வைத்திருப்போம். ஆனால் அதற்குள் இறந்தவரின் பிறந்த ஊர், படித்த பாடசாலை, வேலை பார்த்த இடங்கள், மணவுறவு, பல நேரம் மூன்று நாலு தலைமுறைக்கான வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். ஒரு ஊரின் இருபது கல்வெட்டை மேசையில் பரப்பினால், ஆரார் எந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலாயாவுக்குப் போனார்கள், எந்தப் பாடசாலையிலிருந்து எழுதுவினைஞர் வேலைக்குப் போனார்கள், எந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தது என்பது வரைபடம் போலத் தெரியும். நூலகம் தளத்தில் நினைவு மலர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

அதில் வரும் திதி வெண்பாவைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இறந்த வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் நாலடிக்குள் இருக்கும். ஒரு பொறி மட்டும் உண்டு. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. 'பார்த்திப' என்றிருந்தால் அது 1945-46 ஆகவும் இருக்கலாம், 2005-06 ஆகவும் இருக்கலாம். அட்டையோ அச்சகத்தின் பெயரோ எந்தச் சுற்று என்று காட்டிக்கொடுக்கும்.

கல்வெட்டை எழுதியவர் ஆர், எதற்கு என்ற கேள்வியை இங்கேயும் மறக்கக்கூடாது. எழுதியது துக்கத்திலிருக்கும் பிள்ளைகள், நோக்கம் பெருமை. எங்கள் ஊரில் இறந்தவர் எல்லாரும் பரோபகாரிகள், எல்லாரும் 'ஊரின் முதல்' ஏதோ ஒன்று. பிறந்த ஆண்டையும் வேலை பார்த்த இடத்தையும் நம்பலாம், குணச்சித்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

இரண்டாவது காணி உறுதி. நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணி) முன் எழுதிப் பதிந்த பத்திரம். வாசிக்க அலுப்பாக இருக்கும், ஒரே வசனம் ஒரு பக்கம் ஓடும். ஆனால் ஊர் வரலாற்றுக்கு இதைவிடப் பெறுமதியான தாள் குறைவு. எங்கள் காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. 'மடத்தடி', 'வண்ணான்புலம்', 'பள்ளிக்கூடவளவு' என்கிற மாதிரி. இன்றைக்கு அங்கே மடமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பெயர் மட்டும் தாளில் நிற்கிறது. அங்கே மடம் இருந்தது என்று இதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிறகு நாலு எல்லை: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி, மேற்கே கோயில் ஆதனம், தெற்கே குளம். ஒரு வட்டாரத்தின் உறுதிகள் சில சேர்ந்தால், அன்றைய ஊரை வரைந்துவிடலாம். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த வழியால் தண்ணி போகும் என்பதும் எழுதியிருக்கும். எந்த உறுதிப்படி விற்பவருக்கு இந்தக் காணி வந்தது என்று முந்தைய உறுதியின் ஆண்டும் இலக்கமும் சொல்லியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை பின்னுக்குப் போகலாம். பழைய உறுதிகளில் கோவிற்பற்று என்ற பிரிவையும் காண்பீர்கள். அந்தக் கோவில் எங்கள் கோயில் இல்லை, தேவாலயம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தேவாலயத்தை நடுவாக வைத்து வகுத்த பங்குப் பிரிவு, அவர்கள் போன பிறகும் நெடுங்காலம் எங்கள் காணிப் பத்திரத்தில் குடியிருந்தது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மலர்களில் "இன்னாரின் அருமைப் பாரியார்" என்று கரைந்துபோகும் பெண், உறுதியில் தன் பெயரோடும் தன் காணியோடும் நிற்பார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று ஆதனம் பிரிகிறது; சீதனம் மகளுக்கு எழுதப்படுவது. அதனால் ஊரின் பெண்களைத் தேடுபவர் மலரை மூடிவிட்டுச் சீதன உறுதியைத் திறப்பது நல்லது.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். பாடசாலைச் சேர்விடாப்பும், பாடசாலையில் நடந்தவற்றை அதிபர் குறித்து வைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் இருக்கின்றன. ஆனால் 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும்வரை அவற்றை நடத்தியவர்கள் வேறு. மிஷன்களும், 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும், தனி முகாமையாளர்களும் நடத்தினார்கள். முந்தைய தாள்களை நடத்தியவர் பக்கம்தான் தேட வேண்டும். பத்திரிகை என்றால் 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இன் இந்து சாதனம், 1930இன் ஈழகேசரி, 1959இன் ஈழநாடு. 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தலைமையகத்துக்கு எழுதிய அறிக்கைகள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வலிகாமத்து ஊரொன்றின் கொள்ளைநோய்க் கணக்கைத் தேடி மாசசூசெட்ஸ் போக வேண்டிய நிலை. சிரிப்பும் வருகிறது.

தேடல் பெட்டி எதைத் தேடுகிறது?

"அடிச்சா வரும்" என்றவருக்கு இப்போது பதில். ஓர் ஆவணத்தைப் பற்றிய விவரங்கள், அதாவது தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர், பக்கம் போன்றவை, மீதரவு எனப்படும். நூலகம் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண்ணும் இந்த விவரங்களும், பலவற்றுக்கு உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சாகியிருக்கும். பலவற்றில் பக்கங்கள் படமாகவே இருக்கும். நீங்கள் உங்கள் பாட்டனாரின் பெயரை அடித்தால் தேடப்படுவது இந்த விவரங்களில்தான். 87ஆம் பக்கத்தின் நடுவில் இருக்கும் பாட்டனார் பெரும்பாலும் அகப்படமாட்டார். 'எதுவும் இல்லை' என்று திரை சொன்னால், இந்த விவரங்களில் இல்லை என்றுதான் பொருள்.

அதனால் பெயரைத் தேடாமல், அந்தப் பெயர் எந்த வகைத் தாளில் வந்திருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். பாட்டனார் ஆசிரியர் என்றால் பாடசாலை மலர். சங்கக்கடை முகாமையாளர் என்றால் கூட்டுறவுச் சங்க வெளியீடு. நாடகக்காரர் என்றால் சனசமூக நிலைய ஆண்டு விழா மலர். அந்த மலரைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவதற்குக் குறுக்குவழி கிடையாது. புரட்டும்போது தேடாதது கிடைக்கும், அதுவும் ஒரு சுகம்.

ஊர்ப் பெயரையும் பல விதமாக அடித்துப் பாருங்கள். தெல்லிப்பழை, தெல்லிப்பளை இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆங்கில ஆவணத்தில் இன்னும் மோசம். அமெரிக்க மிஷனரிமாருக்கு வட்டுக்கோட்டை 'பட்டிகோட்டா', தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி', உடுவில் 'ஊடூவில்', பண்டத்தரிப்பு 'பண்டிடெரிப்போ'. இன்றைய எழுத்தில் தேடினால் 19ஆம் நூற்றாண்டு வராது. கண்டதை எல்லாம் நூலக எண், பக்கம், பார்த்த திகதியோடு ஒரு கொப்பியில் குறியுங்கள். எங்கே கண்டது என்று எழுதாத குறிப்பு மூன்று மாதத்தில் வெறும் வதந்தி ஆகிவிடும். என்னுடைய பழைய கொப்பியில் அப்படிப்பட்ட வதந்திகள் ஏராளம்.

இதன் சாரம்: பெட்டி தேடுவது விவரத்தை, வாசிக்க வேண்டியது நீங்கள்தான்.

தாளில் வராதவர்கள்

ஆவணகத்தில் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் அவரைப் பற்றி ஆரோ எழுதியிருக்க வேண்டும். காணி இல்லாதவருக்கு உறுதி இல்லை. அச்சுக்கூலி இல்லாத வீட்டில் கல்வெட்டு இல்லை. சாதியின் பேரில் கோயிலுக்குள் விடப்படாதவர் கோயில் மலரில் வரமாட்டார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அப்படிப்பட்டவற்றைக் கும்பாபிஷேக மலர்களில் தேடினால் அமைதிதான் இருக்கும். அன்றைய பத்திரிகைகளையும் போராடியவர்கள் அடித்த துண்டுப் பிரசுரங்களையும் தேட வேண்டும். மலரின் மௌனமும் ஒரு தகவல்தான்: மலரை எழுதும் இடத்தில் ஆர் இருந்தார்கள் என்று அது சொல்கிறது.

இந்த இடத்தில்தான் வாய்மொழி வரலாறு வருகிறது. சம்பவத்தைக் கண்டவரிடம் முறையாகக் கேட்டு, ஒலியாகப் பதிந்து, சம்மதத்தோடு காப்பதற்கு அந்தப் பெயர். சந்தியில் நின்று கதை கேட்பது அதில் சேராது. பெரியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். "எந்த வருசம் அம்மா?" என்றால் தடுமாறுவார்கள். "64 சூறாவளிக்கு முந்தியோ பிந்தியோ?", "58 கலவரத்தில கொழும்பில இருந்து ஆக்கள் வந்திறங்கேக்க இந்தக் கிணறு இருந்ததோ?", "இந்தியன் ஆமி வரேக்க?" என்று கேளுங்கள். பதில் உடனே வரும். பொது நாட்காட்டியில் திகதி தெரிந்த சம்பவங்களோடு ஊர் நினைவை இப்படி முடிச்சுப் போட்டுவிட்டால், பிறகு அதை உறுதியோடும் பத்திரிகையோடும் ஒப்பிடலாம். நினைவும் பிழைக்கும், தாள் போலவே. அதையும் அதே மூன்று கேள்விக்குள் போட்டு எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டி

சமூக ஆவணகத்தில் தேடப் போகிறவரிடம் பெரும்பாலும் கொடுக்கவும் ஏதாவது இருக்கும். கொடுப்பதற்கு முன் செய்யக்கூடாத சில உண்டு. தாளை லமினேற் பண்ணாதீர்கள், திரும்ப உரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றலாம். கடிதம் எந்தக் கட்டுக்குள் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். மூலத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் மின்வருடிய பின் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சேர்விடாப்பு மாதிரியானவற்றில் உயிரோடு இருப்பவர்களின் விவரம் இருக்கும். அதைப் பொதுவில் இடலாமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

படங்கள்தான் முதல் அவசரம். 1960களில் எடுத்த பாடசாலைக் குழுப்படம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். நடுவில் கதிரையில் அதிபர், பின்னால் மூன்று வரிசை. இந்தக் கிழமை அதை எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தில் இருந்த ஆராவது ஒருவரிடம் போங்கள். பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் பின்பக்கத்து ஓரத்தில், இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பெயரை எழுதுங்கள். பின்வரிசையில் நாலாவதாக, பாதி முகம் மறைந்து நிற்கும் பெடியன் ஆர் என்று கேட்க மறக்க வேண்டாம். தெரியாது என்றால் 'தெரியவில்லை' என்றே எழுதி, ஆரிடம் எந்தத் திகதியில் கேட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.